புருஷன்தான் பண்ணியிருப்பான்!

"ஆயிரம் குற்றவாளிகள் தப்பிக்கலாம், ஆனால் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது." தமிழ் சினிமா கோர்ட் சீன்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே நாம்தான் காலையில் பேப்பரைப் பிரித்து, "வீட்டில் இளம்பெண் மர்மச் சாவு" என்ற தலைப்பைப் பார்த்த மாத்திரத்தில், செய்தியை முழுசாகப் படிக்கும் முன்பே "புருஷன்தான் பண்ணியிருப்பான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வக்கீல் இல்லை, சாட்சி இல்லை. டீ ஆறுவதற்குள் கேஸ் முடிந்துவிடும்.

(முதல் வாக்கியத்தைப் பற்றி ஒரு சின்னத் தகவல். 1760களில் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் இதை எழுதியபோது, தப்பிக்கலாம் என்று அவர் அனுமதித்தது பத்து குற்றவாளிகளைத்தான். நம்ம ஊருக்கு வந்து சேருவதற்குள் அது ஆயிரமாகிவிட்டது :-))

இந்த இரண்டு வாக்கியங்களும் எப்படி ஒரே வாயில் வருகின்றன? நான் காமர்ஸ் மாணவன், சட்டம் படிப்பவன் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் சில பழைய வழக்குகள் கிடைத்தன. ஒன்றோடு ஒன்று ஆச்சரியப்படும் விதத்தில் பின்னிக்கிடக்கும் வழக்குகள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்படுவது தப்பா?

முதலில் போலீஸ் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடுவோம்.

ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2018ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அதன் கணக்குப்படி, 2017ல் உலகம் முழுக்கக் கொலை செய்யப்பட்ட பெண்கள் சுமார் 87,000 பேர். அதில் ஏறக்குறைய 30,000 பேரைக் கொன்றது கணவனோ காதலனோ, அல்லது முன்னாள் கணவன், முன்னாள் காதலனோ. இன்னொரு 20,000 பேரைக் கொன்றது குடும்பத்தில் வேறு யாரோ. ஒரு பெண்ணுக்கு உலகத்திலேயே ஆபத்தான இடம் அவளுடைய சொந்த வீடு என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே போலீஸ் கணவனிடமிருந்து விசாரணையைத் தொடங்குவது முட்டாள்தனம் அல்ல. கடைசியாக உயிரோடு பார்த்தவர் பெரும்பாலும் அவர். வீட்டுச் சாவி அவரிடம் இருக்கும். சண்டை, பணம், இன்ஷூரன்ஸ் என்று எந்தக் காரணமானாலும் அது அவர் பக்கத்தில்தான் முதலில் தேடப்படும். வேறு எந்த ஒரு கதவைத் தட்டினாலும் இவ்வளவு வாய்ப்பு கிடையாது.

ஆனால் அதே கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். 87,000ல் 30,000 என்றால் நூற்றுக்கு 34. மிச்சம் 66 பெண்களைக் கொன்றது கணவனோ காதலனோ அல்ல. நூற்றுக்கு முப்பத்துநாலு மார்க் வாங்கினால் எங்கள் யுனிவர்சிட்டியில் பாஸே கிடையாது! எங்கே தேட ஆரம்பிப்பது என்று சொல்ல அந்த எண் போதும். யாரைத் தூக்கில் போடுவது என்று சொல்ல அது போதாது. இந்த வித்தியாசம் கேட்பதற்கு ரொம்ப சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? இதை நிலைநாட்டுவதற்கு என்ன பாடுபட வேண்டியிருந்தது என்று இனி பார்ப்போம்.

லிவர்பூல், 1889: மனைவி மேல் சந்தேகம்

முதல் கதையில் மாட்டிக்கொண்டது கணவன் அல்ல, மனைவி. கணவனைக் கொன்ற மனைவியை இங்கிலாந்துச் சட்டம் பல நூற்றாண்டுகளாகச் சாதாரணக் கொலைகாரியாகப் பார்க்கவில்லை. 1351ஆம் வருடத்துச் சட்டப்படி அது ஒருவகை ராஜத்துரோகம். கணவன்தான் வீட்டுக்கு ராஜா என்று கணக்கு. அதற்குத் தண்டனை எரிப்பது. எரிக்கும் தண்டனை 1790ல்தான் ஒழிந்தது, அந்தக் குற்றப்பிரிவே 1828ல்தான் ஒழிந்தது.

1889 மே 11 அன்று லிவர்பூல் நகரத்தில் ஜேம்ஸ் மேபிரிக் என்ற பருத்தி வியாபாரி இறந்துபோனார். அவர் மனைவி ஃபிளாரன்ஸ், அமெரிக்கப் பெண், வயது 26. ஈ மருந்துத் தாள்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஆர்சனிக் விஷம் எடுத்துக் கணவனுக்குக் கொடுத்தார் என்று குற்றச்சாட்டு. முகத்துக்குப் பூசிக்கொள்ளும் மருந்து செய்யத்தான் ஊறவைத்தேன் என்றார் அவர். இறந்தவரோ பல வருடங்களாக ஆர்சனிக் கலந்த மருந்துகளைத் தானாகவே வாங்கிச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர். உடம்பில் அகப்பட்ட ஆர்சனிக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்குக் குறைவாகவே இருந்தது.

ஆனால் இன்னொரு விஷயமும் அகப்பட்டது. ஃபிளாரன்ஸ் வேறு ஒருவருக்கு எழுதிய காதல் கடிதம். அதற்குப் பிறகு யாருக்கு வேதியியல் வேண்டும்? நீதிபதி ஜூரிகளிடம் பேசிய உரை இரண்டு நாள் நீண்டது. அதில் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுக்கும் பெரிய இடம் இருந்தது. ஜூரிகள் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் "குற்றவாளி" என்றார்கள். தூக்குத் தண்டனை.

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து தன் கதையைச் சொல்லும் உரிமை அப்போது இங்கிலாந்தில் பொதுவாகக் கிடையாது. அது 1898ல்தான் வந்தது. கிரிமினல் வழக்குகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமும் கிடையாது. அது 1907ஆம் வருடச் சட்டத்தால் வந்தது. எனவே முடிவு உள்துறை அமைச்சர் கைக்குப் போனது. ஆர்சனிக்தான் மரணத்துக்குக் காரணமா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது, ஆனால் கொடுக்க முயற்சி செய்திருக்கிறார் என்று சொல்லி, தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அதாவது எந்தக் குற்றத்துக்காக விசாரிக்கப்படவே இல்லையோ அதற்காக ஃபிளாரன்ஸ் பதினாலு வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். 1904ல்தான் வெளியே வந்தார்.

இந்த வழக்கின் நீதிபதி பெயரைக் கவனியுங்கள். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 1872ல் நம் இந்திய சாட்சியச் சட்டத்தை வரைந்த அதே ஸ்டீபன்! எது சாட்சி, எது சாட்சி இல்லை என்று ஒரு தேசத்துக்கே எழுதிக்கொடுத்தவர், ஒரு காதல் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்க்க முடியாமல் போனார். சந்தேகம் எவ்வளவு பெரிய மூளையையும் மடக்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே ஊர், அதே கட்டடம், 1931

ஃபிளாரன்ஸ் விசாரிக்கப்பட்ட இடம் லிவர்பூலின் செயின்ட் ஜார்ஜ் ஹால். நாற்பத்திரண்டு வருடம் கழித்து அதே கட்டடத்தில் ஒரு கணவன் நின்றார். வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ், வயது 52, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வீடு வீடாகப் போய்ப் பிரீமியம் வசூலிக்கும் ஏஜென்ட். அமைதியான மனுஷன். பொழுதுபோக்கு செஸ்.

1931 ஜனவரி 19 சாயங்காலம் அவர் உறுப்பினராக இருந்த செஸ் கிளப்புக்கு ஒரு போன் வருகிறது. வாலஸ் அப்போது அங்கே வந்திருக்கவில்லை. பேசியவர் பெயர் ஆர். எம். குவால்ட்ரோ. "நாளை ராத்திரி ஏழரை மணிக்கு 25, மென்லவ் கார்டன்ஸ் ஈஸ்ட் என்ற விலாசத்துக்கு வாலஸை வரச் சொல்லுங்கள், இன்ஷூரன்ஸ் விஷயம்" என்று தகவல். மறுநாள் வாலஸ் டிராம் பிடித்துப் போகிறார். மென்லவ் கார்டன்ஸ் நார்த், சவுத், வெஸ்ட் எல்லாம் இருக்கின்றன. ஈஸ்ட் மட்டும் இல்லை! ஒரு போலீஸ்காரர் உட்படப் பலரிடம் விசாரித்துப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். முன் அறையில் மனைவி ஜூலியா தலையில் அடிபட்டு ரத்த வெள்ளத்தில் இறந்து கிடக்கிறார்.

போலீஸ் சொன்ன கதை இது: போன் செய்ததே வாலஸ்தான், குரலை மாற்றிப் பேசினார், கொன்றுவிட்டுத்தான் டிராம் ஏறினார், விலாசம் தேடியதெல்லாம் நாடகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போன் வந்த பொதுத் தொலைபேசிக் கூண்டும் வாலஸ் வீட்டிலிருந்து சில நூறு கஜம் தூரத்தில்தான் இருந்தது.

இன்னொரு பக்கம்? போனை எடுத்த கிளப் கேப்டனுக்கு வாலஸின் குரல் நன்றாகப் பழக்கம். அது வாலஸின் குரல் மாதிரி இல்லை என்றே சாட்சி சொன்னார். பால்காரப் பையன் ஆறரை மணிக்குக் கொஞ்சம் பின்னால் ஜூலியாவை உயிரோடு பார்த்திருக்கிறான். ஏழு மணி ஆறு நிமிடத்துக்கு வாலஸ் சில மைல் தள்ளி ஒரு டிராமில் இருக்கிறார். நடுவில் இருந்த சில நிமிடங்களில் கொன்று, சுத்தம் செய்து, கிளம்பியிருக்க வேண்டும். அவர் உடையில் ரத்தம் இல்லை. பதினேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் கொலைக்கு ஒரு காரணத்தைக் கூடக் காட்ட முடியவில்லை.

பிறகு எதை வைத்து? அவர் அழவில்லை! போலீஸ் வந்தபோது நிதானமாக இருந்தார். கோர்ட்டிலும் நிதானமாக இருந்தார். மனைவி செத்துக் கிடக்கும்போது கணவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் அவர் தேறவில்லை. (அழுதிருந்தால் "என்ன நடிப்பு!" என்றிருப்பார்கள். இதில் ஜெயிக்க வழியே கிடையாது.)

நீதிபதி பெயர் ரைட். அரசுத் தரப்பில் உள்ள ஓட்டைகளை எடுத்துச் சொல்லி, விடுதலை பக்கம் சாய்ந்துதான் அவர் ஜூரிகளிடம் பேசினார். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து "குற்றவாளி" என்றார்கள். தூக்கு.

மே மாதம் மேல்முறையீடு. அதற்கு முன் லிவர்பூல் கதீட்ரலில், நீதிபதிகளுக்குச் சரியான வழி தெரிய வேண்டும் என்று பிரார்த்தனைகூட நடந்தது. 1931 மே 19 அன்று தலைமை நீதிபதி ஹியூவர்ட் தலைமையிலான நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சட்ட நுணுக்கம் எதையும் காரணம் காட்டவில்லை. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது எங்கள் வேலை இல்லை, இருக்கிற சாட்சியத்தில் குற்றம் நிரூபணம் ஆகவில்லை, அவ்வளவுதான் என்றது. ஜூரி கொடுத்த கொலைத் தீர்ப்பை இங்கிலாந்தில் இந்தக் காரணத்துக்காக ரத்து செய்தது அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

கோர்ட் விட்டது, ஊர் விடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வசூலுக்குப் போன வீடுகளில் கதவு திறக்கவில்லை. கம்பெனி அவருக்கு உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தது. வாலஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போனார். 1933 பிப்ரவரியில் இறந்தார். ஜூலியாவைக் கொன்றது யார் என்று இன்றுவரை எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

1935: கொன்றது உண்மை, ஆனாலும்...

இப்போது வருகிற வழக்கு இன்னும் கஷ்டமானது. ஏனென்றால் இதில் கணவனின் கையால்தான் மனைவி இறந்தார். அதில் சந்தேகமே இல்லை.

ரெஜினால்ட் வுல்மிங்டன், வயது 21, பண்ணைக் கூலி. மனைவி வயலட்டுக்கு 17. கல்யாணம் ஆகிச் சில மாதங்களில் சண்டை, வயலட் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். 1934 டிசம்பர் 10 அன்று ரெஜினால்ட் தன் முதலாளியின் துப்பாக்கியைத் திருடி, குழலை அறுத்துக் குட்டையாக்கி, கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு சைக்கிளில் மாமியார் வீட்டுக்குப் போனார். திரும்ப வரமாட்டேன் என்றாள், நீ வராவிட்டால் என்னைச் சுட்டுக்கொள்வேன் என்று மிரட்டத் துப்பாக்கியை எடுத்தேன், தவறி வெடித்துவிட்டது என்பது அவர் வாக்குமூலம்.

நம்புவீர்களா? எனக்குப் பெரிதாக நம்பிக்கை வரவில்லை. முதல் ஜூரிக்கும் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது விசாரணையில் நீதிபதி ஸ்விஃப்ட் ஜூரிகளிடம் ஏறக்குறைய இப்படிச் சொன்னார்: இவர் கையால் அந்தப் பெண் இறந்தார் என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால் போதும், சட்டம் அதைக் கொலை என்றே எடுத்துக்கொள்ளும், விபத்து என்று திருப்திப்படுத்த வேண்டியது இவர் பொறுப்பு. ஜூரிகள் 69 நிமிடத்தில் குற்றவாளி என்றார்கள். மறுபடி தூக்கு.

அந்த நீதிபதி இதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து சட்டப் புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்த வாசகம் அது. வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போனது. சாங்க்கி பிரபு எழுதிய தீர்ப்பு அந்த வாசகத்தைத் தூக்கி எறிந்தது. இங்கிலாந்துக் கிரிமினல் சட்டம் என்ற நெசவு முழுக்க ஒரு தங்க இழை ஓடுகிறது, குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமை, குற்றமற்றவன் என்று காட்டுவது கைதியின் கடமை அல்ல என்றார். விபத்து என்று ஜூரிகள் நம்ப வேண்டும் என்பதில்லை, விபத்தாக இருக்குமோ என்ற நியாயமான சந்தேகம் வந்தாலே விடுவிக்க வேண்டும். பைத்தியம் என்று சொல்லித் தப்பிப்பதற்கும், சட்டசபை தனியாகச் சட்டம் போட்டு விதிவிலக்கு செய்வதற்கும் மட்டும்தான் இடம். வுல்மிங்டன் விடுதலையானார்.

அந்த ஐந்து நீதிபதிகள் யார் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருவர் ஹியூவர்ட், வாலஸின் தூக்கை ரத்து செய்தவர். இன்னொருவர் ரைட், வாலஸுக்குத் தன் வாயால் தூக்குத் தண்டனையைப் படிக்க வேண்டியிருந்தவர்! நாலு வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொரு கணவனின் வழக்கில் இந்த விதியை நிலைநாட்டினார்கள். வாலஸ் வழக்கு அவர்கள் மனதில் இருந்ததா என்று தீர்ப்பில் எங்கும் சொல்லவில்லை. இல்லாமல் இருந்திருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற "குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி" என்ற கொள்கைக்கு மிகப் பிரபலமான தீர்ப்பு, மனைவியைச் சுட்ட ஒரு கணவனின் வழக்கில் வந்தது. நல்லவனைக் காப்பாற்றும்போது இந்தக் கொள்கையைப் பாராட்டுவது சுலபம். இது பிறந்ததே நமக்குப் பிடிக்காத ஒருவனைக் காப்பாற்றுவதற்காக.

நம் நாட்டில்

1961ல் பிரபலமான நானாவதி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வுல்மிங்டன் தீர்ப்பை எடுத்துப் பேசி, நிரபராதி என்ற அனுமானம் இந்தியாவிலும் உண்டு என்றது. (நானாவதிக்குக் கொடுத்த ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. கொள்கை வேறு, விடுதலை வேறு.)

அடுத்த முக்கியமான வழக்கு 1984, சரத் பிர்திசந்த் சர்தா எதிர் மகாராஷ்டிர அரசு. புனேயில் கல்யாணமாகி நாலு மாதத்தில் ஒரு பெண் சயனைடு விஷத்தால் இறந்தார். கணவனுக்குக் கீழ்க்கோர்ட் தூக்கு கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள், அதில் ஒருவர் நம் ஜோலார்பேட்டைக்காரரான ஏ. வரதராஜன். அந்தப் பெண் புகுந்த வீட்டில் பட்ட மனவேதனையைச் சொல்லும் கடிதங்கள் கோர்ட் முன் இருந்தன. ஆனால் அவர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பால் உடைக்க முடியவில்லை. "செய்திருக்கலாம்" என்பதற்கும் "செய்துதான் இருக்க வேண்டும்" என்பதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது என்ற பழைய விதியை நினைவுபடுத்தி, கணவனை விடுதலை செய்தது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு அந்தத் தீர்ப்பு வகுத்த ஐந்து நிபந்தனைகளைப் "பஞ்சசீலம்" என்பார்கள். இன்றைக்கும் கோர்ட்டுகள் அதைத்தான் எடுத்துக் காட்டுகின்றன.

இங்கேதான் நமக்கு மனசு கேட்க மாட்டேன் என்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டவ் வெடித்துச் செத்த மருமகள்கள் எத்தனை பேர்! மாமியார்கள் சமைக்கும்போது மட்டும் ஸ்டவ் வெடிக்கவே வெடிக்காது. நாலு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி எங்கே போய்த் தேடுவது? அதனால் 1986ல் நாடாளுமன்றம் வரதட்சணை மரணம் என்ற புதுக் குற்றத்தைக் கொண்டுவந்தது. கூடவே ஸ்டீபனின் சாட்சியச் சட்டத்தில் 113பி பிரிவும் வந்தது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இயற்கைக்கு மாறான சாவு, சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை, இந்த இரண்டையும் அரசுத் தரப்பு காட்டிவிட்டால், கொடுமை செய்தவரே மரணத்துக்குக் காரணம் என்று கோர்ட் அனுமானிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டங்களிலும் இது தொடர்கிறது. சாங்க்கி பிரபு ஒதுக்கி வைத்த "சட்டசபை போடும் விதிவிலக்கு" இதுதான்.

2006ல் திரிமுக் மரோதி கிர்கன் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது. வீட்டுக்குள் ரகசியமாக நடந்த கொலை என்றால், உள்ளே இருந்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது, என்ன நடந்தது என்று விளக்க வேண்டும். அந்த வழக்கில் கணவன் பாம்பு கடித்தது என்றான், பிரேதப் பரிசோதனையோ கழுத்தை நெரித்ததைக் காட்டியது. தண்டனை உறுதியானது.

இதெல்லாம் அநியாயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றும் வருடத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் வரதட்சணை மரணங்கள் பதிவாகிற நாடு இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டங்கள் எதுவும் "கணவன் என்பதாலேயே குற்றவாளி" என்று சொல்லவில்லை. முதல் அடியை அரசுத் தரப்புதான் எடுத்து வைக்க வேண்டும். கொடுமை நடந்ததைக் காட்ட வேண்டும், அல்லது சம்பவ நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாரம் அந்தப் பக்கம் நகரும்.

அந்த முதல் அடியைத் தாண்டிக் குதித்தால்

என்ன ஆகும் என்பதற்குக் கடைசியாக ஒரு கதை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், 1986 ஆகஸ்ட் 13. மைக்கேல் மார்ட்டன் என்ற சூப்பர் மார்க்கெட் மேனேஜர் விடிகாலை ஐந்தரை மணிக்கு வேலைக்குப் போகிறார். அன்றைக்கே அவர் மனைவி கிறிஸ்டின் படுக்கையில் அடித்துக் கொல்லப்பட்டது தெரியவருகிறது. முதல் நாள் மைக்கேலின் பிறந்தநாள். ராத்திரி மனைவி தூங்கிப்போய்விட்டதில் வருத்தப்பட்டு, வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார். சீட்டின் முடிவில் அன்பு என்றுதான் எழுதியிருந்தது. அந்தச் சீட்டே கொலைக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 1987ல் ஆயுள் தண்டனை.

போலீஸ் கையில் வேறு தாள்களும் இருந்தன. அவர்களுடைய மூன்று வயது மகன் பாட்டியிடம், அம்மாவை அடித்தது ஒரு "பூதம்", அப்போது அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு பச்சை வேனில் அந்நியன் ஒருவன் வந்து நோட்டம் விட்டதை அக்கம்பக்கத்தினர் சொல்லியிருக்கிறார்கள். இவை மைக்கேலின் வக்கீல்கள் கைக்கு வரவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த ரத்தக்கறை படிந்த ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொடுத்ததும் போலீஸ் இல்லை, கிறிஸ்டினின் அண்ணன்.

அந்தக் கைக்குட்டையை டிஎன்ஏ பரிசோதனை செய்யுங்கள் என்று 2005லிருந்து கேட்டு, அரசுத் தரப்பு எதிர்த்து, கடைசியில் 2011ல் முடிவு வந்தது. கிறிஸ்டினின் ரத்தத்தோடு மார்க் நார்வுட் என்ற வேறொருவனின் டிஎன்ஏ. கிட்டத்தட்ட 25 வருடம் கழித்து மைக்கேல் வெளியே வந்தார். மகன் அவரை அப்பா என்று நினைப்பதையே விட்டிருந்தான். அன்று வழக்கை நடத்திய அரசு வக்கீல் அதற்குள் நீதிபதியாகியிருந்தார். 2013ல் அவருக்குப் பத்து நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. 25 வருடத்துக்குப் பத்து நாள்!

இன்னும் முடியவில்லை. மைக்கேல் சிறையில் இருந்த 1988 ஜனவரியில், அதே நார்வுட் ஆஸ்டின் நகரத்தில் இன்னொரு பெண்ணை அவர் வீட்டில் அதே மாதிரி கொன்றிருக்கிறான். 2016ல் அந்தக் கொலைக்கும் தண்டனை பெற்றான். பச்சை வேனை யாராவது தேடியிருந்தால்...

எனவே

நிரபராதி என்ற அனுமானத்தைப் பற்றிப் பேசினாலே, "கொலைகாரனுக்கு வக்காலத்து, செத்தவளுக்கு யார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கதைகளில் எனக்குக் கிடைத்த பதில், அந்த அனுமானம் செத்தவளுக்காகவும்தான் இருக்கிறது என்பதே. ஜூலியாவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. கிறிஸ்டினுக்குக் கால் நூற்றாண்டு தாமதம். இரண்டு இடத்திலும் கணவனைப் பிடித்தவுடன் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். தவறான ஆள் உள்ளே இருக்கிறான் என்றால் சரியான ஆள் வெளியே இருக்கிறான் என்று அர்த்தம்.

எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் 1896ஆம் வருடத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு வரும். ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்ற வரியை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அதே தீர்ப்பில், ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கணக்கைத் திறக்கத் தேவையில்லை என்றும் இருக்கிறது. போலீஸ் மோப்ப நாயாகத்தான் இருக்க வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் மோப்ப நாய் வாசனை போகிற பக்கமெல்லாம் போக வேண்டும், வீட்டு வாசலோடு நின்றுவிடக் கூடாது.

தமிழில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு சின்ன விகுதி போதும். "புருஷனையும் விசாரிக்கணும்" என்பது விசாரணை. "புருஷன்தான் பண்ணியிருப்பான்" என்பது தீர்ப்பு. "உம்" போட வேண்டிய இடத்தில் "தான்" போட்டதற்கு வாலஸ் தூக்குமேடை வரை போய் வந்தார், மைக்கேல் 25 வருடம் கொடுத்தார், ஆஸ்டினில் ஒரு பெண் உயிரையே கொடுத்தார்.

உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், குறிப்பாக 113பி பற்றி, தாராளமாகச் சொல்லுங்கள். சட்டக் கல்லூரி நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் இன்னும் சந்தோஷம்.